போட்டோவுக்குப் போட்ட மாலை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
24.1.1988

அன்புத் தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா செல்லத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தான், அங்காளம்மாள் மூவரும் சுகம். உன் சுகத்துக்கும் ஜெயபாய் சுகத்துக்கும் எழுது. பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது. அதில் நீ கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய், நாலு வரி எழுதியது அவள்தான். கர்னல் ஆனால் கை அவ்வளவு கனத்துவிடுமா? அவளுக்கு முட்டுவலி தேவலையா?

நல்ல சேதி. அங்காளுக்கு இடம் அமைந்துவிட்டது. ராஜபாளையத்தில் நூல் மில் மேஸ்திரி குருசாமியின் மகன் ஆண்டிச்சாமி. பையனும் அதே மில்லில்தான் சூப்பர்வைசர். நிறம் கொஞ்சம் மட்டு, பேச்சும் மட்டு. பேச்சு மட்டாக இருப்பது நல்லதுதான், அதற்கு நம் வீட்டில் நான் இருக்கிறேன். அங்காளு பையனைப் பார்த்துவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை. "மாமாவுக்கு எழுதியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். உங்களுக்கும் பிள்ளை இல்லை, எங்களுக்கும் இவள் ஒருத்திதான். "அங்காளு என் பொண்ணு, அக்கா" என்று நீ சொல்லிச் சொல்லியே அவளை அப்படி ஆக்கி வைத்திருக்கிறாய்.

சம்பந்தி வீட்டார் வைகாசி முதல் முகூர்த்தமாக மே 15 ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வடக்கே இருந்து மறந்திருப்பாய் என்று சொல்லிவைக்கிறேன். பிறந்த வீட்டு மாலையைத் தாய்மாமன் பெண் கழுத்தில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் அவள் மணவறைக்கு வருவாள். அந்த மாலை விழாமல் தாலி ஏறாது. அய்யாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீதான். லீவு போட்டுவிட்டு உடனே எழுது.

அன்புடன் அக்கா,
செல்லத்தாய்

&nbsp;

சிகந்திராபாத்,
12.2.1988

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். நாங்கள் நலம். ஜெயபாய்க்கு முட்டுவலி இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே எல்லா வேலையும் செய்கிறாள்.

அங்காளு கல்யாணச் சேதி படித்ததும் மெஸ்ஸில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். "என் மகளுக்குக் கல்யாணம்" என்றுதான் சொன்னேன். ஒரே ஒரு சிக்கல், தேதி. மே 7 முதல் எனக்கு லீவு. கொடைக்கானலில் அறைக்குப் போன வருஷமே சொல்லிவைத்தாகிவிட்டது. உனக்குத் தெரியும், வருஷம் முழுக்க யூனிஃபாரத்தில் வேகிறவனுக்கு அந்த மலையும் கோல்ஃபும்தான் மூச்சு. இந்த வருஷம் டோர்னமென்ட் வேறு இருக்கிறது, ஜெனரல் ஒருவர் என்னை ஜோடி சேர்த்திருக்கிறார். அது 21 சனிக்கிழமை மத்தியானம் முடியும். லீவின் கடைசி நாள் எப்போதும் போல உங்களுக்குத்தான். ஆகவே கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளி 22 ஞாயிறு வைத்துக்கொள்ள முடியுமா என்று பார். 21 ராத்திரியே வந்துவிடுவோம்.

மாலையை மட்டும் நீயே நல்லதாகப் பார்த்து வாங்கி வைத்துவிடு. மலையிலிருந்து கொண்டுவந்தால் வாடிப்போகும்.

உன் தம்பி,
சங்கரலிங்கம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்,
6.3.1988

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். ஜெயபாயை நொச்சி இலை போட்டு வெந்நீர் ஊற்றச் சொல். அங்கே நொச்சி கிடைக்குமோ என்னவோ.

நீ கேட்டபடி 22-க்கு மாற்றியாகிவிட்டது. எப்படி மாற்றினேன் என்று தெரிந்துகொள். நானும் உன் அத்தானும் ராஜபாளையம் போனோம். குருசாமி ஈஸி சேரை விட்டு எழுந்திருக்கவில்லை. "பொண்ணுக்கு நாள் பாக்கியளா, மாமனுக்கு நாள் பாக்கியளா?" என்றார். "எம் பொண்ணுக்கு மாமன் ஒருத்தன்தான். பட்டாளத்துல இருக்கான், லீவு கெடச்சாத்தான வர முடியும்" என்றேன். பட்டாளம் என்றதும் மனுஷர் இறங்கி வந்தார். குழியில் பந்து தள்ளுவதற்காக என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொய் என் தலையோடு போகட்டும்.

பத்திரிகை யார் யாருக்கு என்று உட்கார்ந்தபோது உன் அத்தான், கூமாப்பட்டி சிவனாண்டி பேரைச் சொன்னார். "என்ன இருந்தாலும் ஒங்க பெரியப்பா மகன். அவசர ஆத்திரத்துக்கு அண்ணன் மொறைக்கு ஒரு ஆளு வேணும்லா" என்றார். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. நீ சர்ச்சில் வைத்து ஜெயபாயைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம், "வேதக்காரியக் கூட்டியாந்தவன் எங்களுக்குப் பங்காளி இல்ல" என்று ஊர்ச் சாவடியில் வைத்துத் தலைமுழுகினவன் அவன். "அப்படின்னா எனக்கும் நீ அண்ணன் இல்ல, என் வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அன்றிலிருந்து பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தாலும் நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. "என் தம்பி இருக்கையில எனக்கு எதுக்கு இன்னொரு பொறந்தவன்?" என்று சொல்லிவிட்டேன். தபாலில் ஒரு பத்திரிகை போகட்டும் என்கிறார் அத்தான். போனால் போகட்டும்.

நீ 21 ராத்திரி வந்துவிட வேண்டும். முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். இதில் என்னை ஏமாற்றாதே.

அன்புடன்,
செல்லத்தாய்

&nbsp;

சிகந்திராபாத்,
9.4.1988

அக்காவுக்கு வணக்கம். நலம், அங்கே வெயில் எப்படி?

ராணுவத்தில் இருக்கிறவன் நேரம் தவறமாட்டான். 21 ராத்திரி உன் கையால் ரசம் சோறு. அங்காளுவிடம் சொல், மாமன் கையைப் பிடித்துத்தான் அவள் மணவறைக்கு நடப்பாள். அவளுக்கு ஜெயபாய் ஒரு பட்டுப்புடவை எடுத்திருக்கிறாள், தனக்கும் ஒன்று. இரண்டையும் தினம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்கிறாள்.

சிவனாண்டிக்குப் பத்திரிகை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வந்தால் நான் பேசமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சங்கரலிங்கம்

&nbsp;

சிகந்திராபாத்,
2.6.1988

அன்புள்ள அக்கா, பத்திரமாக வந்து சேர்ந்தோம். உனக்கும் அத்தானுக்கும் அலைச்சல் தீர்ந்ததா? அங்காளு மறுவீடு வந்து போனாளா?

பேனாவை எடுத்தால் உன் முகம்தான் முன்னால் வருகிறது. என் நேரம் அப்படி. சனிக்கிழமை மலையில் ஒரே மூடுபனி, வண்டியை இறக்காதீர்கள் என்றார்கள். ஞாயிறு விடியற்காலமே கிளம்பினோம். வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சர், மாற்று டயரிலும் காற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடை திறக்கவில்லை. வந்து நின்றபோது மணி இரண்டு. தாலி கட்டி முடிந்து கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சிரித்த முகத்தோடு இலை போட்டு உட்காரவைத்தாய். சாப்பிட்டதும் அங்காளுவை மறுபடி மணவறையில் நிறுத்தி, என் கையில் மாலையைக் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னாயே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நேரம் முன்னே பின்னே ஆனாலும் மாமன் கையால் மாலை விழுந்துவிட்டது. மனசு நிறைந்தது.

அந்தப் படம் மட்டும் ஒன்று அனுப்பு. ஹாலில் மாட்ட வேண்டும்.

உன் தம்பி,
சங்கரலிங்கம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்,
17.7.1988

தம்பிக்கு, அனைவரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதக் கை வரவில்லை. வேலை அதிகம் என்று வைத்துக்கொள்.

கேட்ட படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. உன் கோட்டு மடிப்புக் கலையவில்லை. அங்காளுதான் தலை குனிந்திருக்கிறாள், அது நல்ல பெண்ணுக்கு அழகு என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ராஜபாளையத்தில் அவள் சௌக்கியம். மாப்பிள்ளை நல்ல மாதிரி.

டயர் எல்லாம் இப்போது எப்படி இருக்கிறது? மாற்று டயருக்குக் காற்று அடித்துவிட்டாயா? அடிக்கடி பார்த்துக்கொள். ஜெயபாயைக் கேட்டதாகச் சொல்.

செல்லத்தாய்

&nbsp;

சிகந்திராபாத்,
20.10.1988

அன்புள்ள அக்கா, நலம்தானே? ஆகஸ்டில் நான் எழுதியதற்குப் பதிலே இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே?

படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போடாமல் கல்யாணம் கிடையாது என்று விளக்கிச் சொல்வேன். ஜெயபாய் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன் என்கிறாள். தான் படத்தில் இல்லை என்று கோபம் போலிருக்கிறது.

அங்காளு எழுதியிருந்தாள், முழுகாமல் இருக்கிறாளாம். எவ்வளவு சந்தோஷம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு எனக்கு லீவு கிடைக்காது. வளையலுக்கு மணியார்டர் அனுப்புகிறேன், என் பேரைச் சொல்லிப் போட்டுவிடு. வருகிற மே மாதமும் கொடைக்கானல்தான். கடைசி நாள் வழக்கம் போல வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துவிடுவோம்.

இன்னொன்று. சிவனாண்டி இப்போது உன் வீட்டுக்கு வந்துபோகிறானாம், காய்கறி எல்லாம் கொண்டுவருகிறானாம். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயபாயை அவன் பேசிய பேச்சை நீ எப்படி மறந்தாய்? எனக்காக அவனை விட்டவள், இப்போது என்னைக் கேட்காமல் எப்படிச் சேர்த்தாய்? இதற்குப் பதில் வேண்டும்.

சங்கரலிங்கம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்,
13.11.1988

தம்பி சங்கரலிங்கத்துக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை.

பதில் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

21 ராத்திரி உனக்கென்று வைத்த ரசத்தை இரண்டு தடவை சூடு பண்ணினேன். அங்காளு மருதாணிக் கையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். உன் அத்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தார், காரில் வருகிறவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. காலையில் நீ போடவேண்டிய மாலையைக் கோயில் வாசல் கடையில் நானே வாங்கி, ஈரத்துணி போட்டுத் தாம்பாளத்தில் வைத்தேன். பிறந்த வீட்டு மாலையைப் பெண்ணைப் பெற்றவளே வாங்குவதை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? கேட்டவர்களிடம் தம்பி கொடுத்தனுப்பினான் என்றேன்.

ஏழரை ஆனது. எட்டு ஆனது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கிறார், மேளக்காரர் வாசித்ததையே வாசிக்கிறார். "பொண்ணக் கூட்டியாங்க" என்று மூன்று முறை சத்தம் வந்துவிட்டது. அங்காளு உள் அறையில், "மாமா வருவாக. இன்னும் செத்த நேரம் பாப்பம்மா" என்கிறாள். யாராவது ஒரு ஆம்பளை போட்டால் போதும் என்றார்கள். மாமா இல்லாமல் வரமாட்டேன் என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். எட்டரைக்குக் குருசாமி எழுந்து நடு மண்டபத்தில் நின்று சொன்னார்: "மாமன் இல்லாத பொண்ணுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. இந்த மாமனுக்காகத்தான் நாளு மாத்துனியளா?" அம்புட்டு பேர் முன்னால். உன் அத்தான் தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வெளியே ஓடினேன், உன் கார் வருகிறதா என்று பார்க்க. கார் வரவில்லை. பந்தல் கால் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு சிவனாண்டி அண்ணன் நின்றிருந்தார். பத்திரிகைக்கு மரியாதை செய்ய வந்தவர். உள்ளே வரவில்லை, ஒரு வாய் காபி குடிக்கவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்றேன். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஏட்டி, எம்புட்டு வருசத்துக்குப் பொறவு என் மூஞ்சியப் பாக்க" என்றார். "எதுக்கு அழுத? மால எங்க இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். குடையை அங்கேயே சாய்த்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அங்காளு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமன் வந்துருக்கேன் தாயி. கழுத்தக் குனி" என்றார். அவள் குனிந்தாள். அந்த மாலையோடுதான் நடந்தாள். ஒன்பதுக்குச் சற்று முன் தாலி ஏறியது.

நீ இரண்டு மணிக்கு வந்தாய். நீ டயர் கதையை உன் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயபாய் சமையல்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, காலையில அஞ்சு மணிக்கே பொடவ கட்டி, பூ வச்சு, கார்ல ஏறி உக்காந்துட்டேன். பனியில ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. ரெண்டே மணி நேரம்னு சொல்லிட்டு எறங்கிப் போனாவ. ஒம்பது மணி வரைக்கும் அந்தக் கார்லயே இருந்தேன் மைனி" என்று சொல்லி அழுதாள். பஞ்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைசி நாள் எங்களுக்கென்று சொல்லிவிட்டு, அந்தக் கடைசி நாளையும் குழிக்குள் தள்ளிவிட்டு வந்திருக்கிறாய். கிடைத்தது இரண்டாம் பரிசாமே. டிக்கியில் துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தக் கப்பையும் பார்த்தேன். என் மானத்தை விற்றதுதான் விற்றாய், முதல் பரிசாவது வாங்கியிருக்கக் கூடாதா?

எல்லாம் தெரிந்தும் ஏன் போட்டோ எடுக்கச் சொன்னேன் என்று நீ நினைப்பாய். பழக்கம்தான். உன்னை யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாது என்று மறைத்து மறைத்துப் பழகிவிட்டேன். உன் முகம் ஊரார் முன்னால் வாடுவதை அப்போதும் என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொரு மாலை கைவசம் இல்லை. அங்காளு கழுத்தில் கிடந்ததைக் கழற்றித்தான் உன் கையில் கொடுத்தேன். நீ ஹாலில் மாட்டியிருக்கிறாயே, அந்தப் படத்தில் இருப்பது சிவனாண்டி அண்ணன் போட்ட மாலை. அவர் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தபோது, "போட்டோவுக்குத்தான, போடட்டும்" என்றார்.

நீயாக ஒருநாள் உள்ளதைச் சொல்லுவாய் என்று இத்தனை மாதம் பொறுத்தேன். டயரைப் பற்றி நான் கேட்டதுகூட உனக்கு உறைக்கவில்லை.

மணியார்டர் அனுப்ப வேண்டாம்.

செல்லத்தாய்

&nbsp;

சிகந்திராபாத்,
5.12.1988

அக்காவுக்கு வணக்கம். நலம். உன் கடிதத்தைப் படித்து மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

பொய் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நிலைமையையும் பார். ஜெனரலோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவன் கடைசி ஆட்டத்தில் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது? என் பிரமோஷன் அவர் கையில் இருக்கிறது. நான் வரும்வரை தாலி கட்டாமல் நிறுத்திவைப்பீர்கள், காரை விரட்டினால் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன், தப்பிவிட்டது. வேண்டுமென்று செய்ததாக நீ நினைக்கலாமா? கடைசியில் பார்த்தால் ஒரு மாலைதானே அக்கா. தாலி நல்லபடியாக ஏறிவிட்டது, அங்காளு நன்றாக இருக்கிறாள்.

என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். போயும் போயும் சிவனாண்டியா? ஜெயபாயை அப்படிப் பேசியவனை என் இடத்தில் நிறுத்தினாயே, அது அவளுக்கும் சேர்த்துச் செய்த அவமானம் இல்லையா? அத்தானே அந்த மாலையைப் போட்டிருக்கலாம்.

படத்தை எடுத்துவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஜெயபாய் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நீயாவது கோபத்தை விடு.

சங்கரலிங்கம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.2.1989

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். பனி விட்டுவிட்டது.

அங்காளுக்கு ராஜபாளையத்தில் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. சிவனாண்டி அண்ணன் கூமாப்பட்டியிலிருந்து முதல் நாளே வந்துவிட்டார். தேங்காய், வாழைத்தார், கண்ணாடி வளையல், வேப்பங்காப்பு எல்லாம் பிறந்த வீட்டுச் சீராக வந்து இறங்கியது. குருசாமி வாசலுக்கே வந்து, "பொண்ணுக்கு மாமன் வந்தாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மாலையை அத்தானே போட்டிருக்கலாம் என்கிறாயே, பெண்ணைப் பெற்றவன் மாலை போட முடியாது என்பது கூட உனக்கு மறந்துபோயிருக்கிறது. உன் அத்தான் அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஜெயபாய்க்கு அவமானம் என்கிறாய். கல்யாணத்தன்று பந்தியில் நீ உட்கார்ந்ததும் உன் இலையைத்தான் பார்த்தாய். அவளுக்குப் பக்கத்தில் நின்று இலை போட்டுத் தண்ணீர் தெளித்தது யார் என்று பார்க்கவில்லை. சிவனாண்டி அண்ணன்தான். "காலையிலயிருந்து சாப்பிடலன்னு மொகமே சொல்லுது. சாப்பிடும்மா" என்றார். அவளைக் கேட்டுப் பார். பேசின வாய்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. அவர் என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் பந்தல் காலடியில் நின்றது அவர். உனக்காக அவரை இத்தனை வருஷம் வேண்டாம் என்று வைத்திருந்தேனே என்று நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஒரு மாலைதானே" என்று எழுதியிருக்கிறாய். சரி, ஒரு மாலைதான். நம்மில் அந்த மாலையைப் போட்டவன்தான் அந்த வீட்டுக்குப் பிறந்த வீடு. அது போனால் அதோடு மற்றதும் போகும். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால், பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்து என் மேல் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் துணி விழும், பாடை எழும்பும். அந்தக் கோடியைச் சிவனாண்டி அண்ணன்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வளைகாப்பன்று, எல்லோரும் இருக்கையில் சொன்னேன். அவர் அழுதார். "நான் ஒனக்கு முந்திப் போயிருவேன் ஏட்டி" என்றார். போனால் அவர் மகன் கொண்டுவருவான் என்று சொன்னேன்.

எனக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. எது யாருக்கு என்று தெளிவாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைத்தான் நம்பியிருந்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜெயபாயிடம் கோபித்துக்கொள்ளாதே. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

செல்லத்தாய்

&nbsp;

சிகந்திராபாத்,
16.4.1989

அன்புள்ள அக்கா, நலமா? அங்காளுக்கு நாள் நெருங்கியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது?

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதை ஜெயபாயும் படித்தாள். படித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காவ" என்றாள். பிரமோஷனும் வரவில்லை. ஜெனரல் மாறிப் போய்விட்டார். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்கா, கோடி என்று எழுதாதே. என்னால் படிக்க முடியவில்லை. நான் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் கொண்டுவந்தால் நான் எங்கே நிற்பது? இந்த வருஷம் கடைசி நாள் இல்லை. லீவின் முதல் நாளே நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். மே 8. கொடைக்கானலுக்குப் பிறகுதான் போவோம், நீ சொன்னால் போகவே வேண்டாம். மாலையோ சீரோ என்ன முறையோ சொல், எல்லாம் செய்கிறேன். வா என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி,
சங்கரலிங்கம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.5.1989

தம்பி சங்கரலிங்கத்துக்கு, இங்கே அனைவரும் சுகம். அங்காளுக்கு வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். தொட்டில் சேலை கூமாப்பட்டியிலிருந்து வந்து கட்டியாகிவிட்டது.

வா என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். உன்னை வராதே என்று நான் எப்போது சொன்னேன்? ஜெயபாயையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்குக் காரம் குறைத்துச் சமைத்து வைக்கிறேன். குழந்தையைப் பார்க்கலாம், இலை போட்டுச் சாப்பிடலாம், பால்கோவா வாங்கி வைக்கிறேன், கொண்டுபோகலாம். வருகிற விருந்தாளிக்கு எல்லாம் நான் செய்கிறதுதான்.

முதல் நாளே வரவேண்டும் என்று அவசரப்படாதே. ஆட்டத்தை முடித்துவிட்டே வா. உனக்காக நிறுத்திவைக்க இங்கே இனி ஒன்றும் இல்லை.

அக்கா,
செல்லத்தாய்